பாய்மரக் காலத்தில் கடல் கடந்த வியாபாரக் கடிதம் எப்படி இருந்தது?

உப்பளத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் டாக்குமென்ட் பார்க்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல்காரர் தரும் சரக்கு ரசீது), இன்சூரன்ஸ், எல்.சி. (பணத்துக்குப் பேங்க் தரும் உறுதிக் கடிதம்) என்று ஒரு கன்டெய்னர் முந்திரிக்கு ஒரு கட்டு காகிதம். போன வாரம் வாங்குபவர் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனது என்று பேங்க் மொத்தக் கட்டையும் திருப்பி அனுப்பிவிட்டது. அந்த எரிச்சலில்தான் இந்தக் கேள்வி.

என் மாமனார் தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்தும் தலைவராக இருந்தவர். பாய் விரித்துக் கொழும்புக்குக் கருவாடும் ஓடும் வெங்காயமும் கொண்டுபோனவர். "சரக்குக்கு ஒரு சீட்டு இருக்கும், மிச்சமெல்லாம் மூஞ்சியைப் பார்த்துத்தான்" என்பார். சரி, கொழும்பு பக்கத்து ஊர். அதைவிடத் தூரம், மாதக்கணக்கில் கடல், போன் தந்தி எதுவும் கிடையாது. அப்படி இருந்த காலத்தில் வெளிநாட்டில் போய் உட்கார்ந்த ஒரு வியாபாரி தன் ஊர்க் கூட்டாளிக்கு என்ன எழுதினார்? கப்பல் முழுகினால் யார் தலையில் விழும்? முன்பணம் வாங்கியவன் சரக்கு தராவிட்டால் யாரிடம் போய் நிற்பது? மங்களூரில் இருந்த ஒரு வியாபாரியின் கடிதங்கள் இன்னும் இருக்கின்றன என்று எங்கோ படித்தேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். படையெடுப்புக் கதை வேண்டாம். ஆபீஸ் வேலை எப்படி நடந்தது, அதுதான் வேண்டும்.

டெலக்ஸ்காரன்:

தம்பி, நீங்கள் படித்தது ஆப்ரஹாம் பென் யிஜுவைப் பற்றியாக இருக்கும். நான் நாகர்கோவில்காரன். மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கம்பெனியில் டெலக்ஸ் மெஷினில் வெளிநாட்டுக்குச் செய்தி அடித்தே தலை நரைத்தவன். ரிட்டயர் ஆனபிறகு இந்தக் கடிதங்கள் கண்ணில் பட்டன. மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். ஆனால் படிக்கப் படிக்க என் பழைய மேஜைக்கே திரும்பிப் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

ஆளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைய துனிசியாவில் கடலோரம் இருக்கும் மஹ்தியா ஊரைச் சேர்ந்த யூதர். யேமன் துறைமுகமான ஏடனுக்கு வந்து, அங்கிருந்து மங்களூர் வந்து சேர்ந்தார். 1132 அக்டோபரில் அவர் மங்களூரில் இருந்ததற்கு எழுத்துச் சாட்சி இருக்கிறது. 1149ல் ஏடனுக்குத் திரும்பிவிட்டார். இடைப்பட்ட காலத்தில் மிளகு, ஏலக்காய், பாக்கு, இரும்பு எல்லாம் ஏடனுக்கு அனுப்பினார். பித்தளை, வெண்கலப் பாத்திரம் செய்ய ஒரு பட்டறையும் வைத்திருந்தார். ஏடனில் அவருக்கு முக்கியமான கூட்டாளிகள் மூன்று பேர்: மத்மூன் இப்னு ஹசன், யூசுஃப் இப்னு ஆப்ரஹாம், கலஃப் இப்னு இஸ்ஹாக். மத்மூன் சாதாரண ஆள் இல்லை. ஏடன் வியாபாரிகளின் பிரதிநிதி, அங்குள்ள யூதர்களின் தலைவர்.

கடிதங்கள் பிழைத்ததற்குக் காரணம், கடவுள் பெயர் எழுதிய காகிதத்தைக் குப்பையில் போடக்கூடாது என்ற யூதர்களின் வழக்கம். எகிப்தில், பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தில் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் இதற்கென்றே ஓர் அறை, கெனிசா என்பார்கள். கடிதம் என்றால் முதல் வரியிலேயே கடவுள் வந்துவிடுவார், அதனால் கணக்குச் சீட்டும் சேர்ந்து உள்ளே போனது. 1896–97ல் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் அதில் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். அரபி மொழியை ஹீப்ரு எழுத்தில் எழுதிய கடிதங்கள். இந்திய வியாபாரம் சம்பந்தப்பட்டவற்றை அதிலிருந்து பொறுக்கித் தொகுத்தவர் கொய்ட்டைன் என்ற ஆய்வாளர்.

இப்போது ஆபீஸ் வேலைக்கு வருகிறேன்.

கடிதத்தின் முதல் சில வரிகள் வெறும் புகழ்ச்சி. என் எஜமானே, பெருந்தகையே, கடவுள் உங்கள் ஆயுளை நீட்டிக்கட்டும் என்று போகும். அப்புறம் உங்கள் கடிதம் வந்தது என்ற தகவல். அதற்கப்புறம் ஒரே கணக்குத்தான். இன்ன கப்பலில், இன்னார் கையில் நீங்கள் அனுப்பிய மிளகு இவ்வளவு வந்தது, சுங்கம் இவ்வளவு போனது, இன்ன விலைக்கு விற்றேன், உங்கள் கணக்கில் வரவு இவ்வளவு, அதில் உங்களுக்காக வாங்கியது இவ்வளவு, அதை இன்ன கப்பலில் இன்னார் கையில் அனுப்பியிருக்கிறேன், மூட்டையின் மேல் உங்கள் பெயர் எழுதியிருக்கிறது. உங்கள் கட்டில் இருக்கும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ரசீது, ஸ்டேட்மென்ட் ஆஃப் அக்கவுண்ட் எல்லாம் இந்த ஒரே தாளில் அடக்கம்.

அந்தத் தாளிலேயே மார்க்கெட் ரிப்போர்ட்டும் வரும். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. மத்மூன் ஒரு கடிதத்தில் எழுதுகிறார்: ஏடனில் இந்த வருடம் இரும்புக்கு நல்ல கிராக்கி, ஊரில் இருப்பே இல்லை, அடுத்த வருடமும் இப்படித்தான் இருக்கும். மங்களூரில் இருக்கும் இன்னின்ன வியாபாரிகளிடம் சொல்லுங்கள், அவர்களால் முடிந்தால் ஒரு கப்பலைத் தயார் செய்து மிளகு, இரும்பு, வால்மிளகு, இஞ்சி ஏற்றட்டும். கயிறு, அகில், மாங்காய், தேங்காய் எல்லாமே நன்றாகப் போகிறது. எனக்கும் பங்கு வேண்டுமென்றால் நான் ரெடி. அவர் பெயர் சொல்லி விசாரிப்பவர்களில் பனியா வியாபாரியும் உண்டு. யூதர், பனியா என்று பார்க்காமல் ஒரே கப்பலில் கூட்டாகப் பங்கு போடும் யோசனை இது. கப்பல்காரர் வரிசையில் ஒரு பட்டணசாமியும் (ஊர் வணிகர் தலைவர்) வருகிறார்.

கால அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மார்கழி, தையில் வாடைக் காற்றைப் பிடித்து மங்களூரிலிருந்து ஏடன் போகும் கப்பலில் நீங்கள் ஒரு கேள்வி அனுப்பினால், தென்மேற்குப் பருவம் அடங்கும்போது ஆவணி, புரட்டாசியில் ஏடனிலிருந்து கிளம்பும் கப்பலில்தான் பதில் வரும். ஒரு சுற்றுக்கு ஒரு வருடம். நான் டெலக்ஸில் "விலை உறுதியா, உடனே பதில்" என்று அடித்துவிட்டு அரை மணி நேரம் பதில் வராவிட்டால் முதலாளி பின்னால் வந்து நிற்பார். இவர்கள் உத்தரவே வேறு மாதிரி எழுதுவார்கள். கடவுள் உமக்கு எது சரி என்று காட்டுகிறாரோ அப்படிச் செய்யும் என்று முடிவை எதிரில் இருப்பவர் கையில் விட்டுவிடுவார்கள். வேறு வழியும் கிடையாது. கடிதம் போய்ச் சேரும்போது விலை எங்கே நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, கப்பல் முழுகினால். இன்சூரன்ஸ் இல்லை. அதனால் சரக்கை ஒரே கப்பலில் போடமாட்டார்கள், பிரித்துப் போடுவார்கள். கடிதத்தையும் ஒன்றுக்கு மேல் பிரதி எடுத்து வெவ்வேறு கப்பலில் அனுப்புவார்கள். இதற்கு நேரடி உதாரணம் கலஃபின் கடிதம் ஒன்றில் இருக்கிறது. மலபாரிலிருந்து வந்த இரண்டு கப்பலில் ஒன்று ஒழுங்காகத் துறைக்கு வந்துவிட்டது. மற்றது முழுகிப்போனது. அதில் பென் யிஜு அனுப்பிய மிளகும் இரும்பும் இருந்தன. மிளகு மொத்தமும் போச்சு. இரும்புக்கு ஏடனிலிருந்து முக்குளிப்பவர்களை அனுப்பி ஏறக்குறைய பாதியை மேலே எடுத்தார்கள். முத்துக்குளித்த ஊர்க்காரரான உங்களுக்கு நான் அந்த வேலையை விளக்க வேண்டியதில்லை. இந்தச் செய்தியைக் கலஃப் எழுதும் விதத்தைப் பாருங்கள். ஒப்பாரி கிடையாது. எது போனது, எது கிடைத்தது, அவ்வளவுதான். ஆறுதல் வார்த்தை ஒன்று, அடுத்த வரி அடுத்த கணக்கு.

மூன்றாவது கேள்வி, முன்பணம். இது பெரிய கதை. சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

ஏடுதேடி:

ஐயா சாப்பிட்டுவிட்டு வரும்வரை நான் கொஞ்சம். நான் கல்வெட்டுப் பக்கம் வேலை செய்பவள்.

உப்பளத்தான் அடுத்துக் கேட்கப்போவது எனக்குத் தெரியும்: "நம்ம ஆளுங்க கடிதம் ஏதாவது இருக்கா?" பென் யிஜு மங்களூர் வருவதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்பே தமிழ் வணிகர்கள் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. சுமத்ராவின் மேற்குக் கரையில் பரூஸ் பக்கம் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே இருக்கிறது, ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு நிறுத்தியது. கப்பல் தலைவர்கள் பொன்னாகக் கட்டவேண்டிய கட்டணத்தைக் கஸ்தூரி விலையை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது துறைமுகக் கட்டணப் பட்டியல். ஆனால் அது ஊருக்குச் சொன்ன விதி, கல்லில் வெட்டினார்கள். ஒருவர் இன்னொருவருக்கு எழுதியதெல்லாம் ஓலை. சுமத்ராவின் ஈரத்தில் அது எத்தனை காலம் தாங்கும்? நம் ஊரிலும் ஏட்டைப் பார்த்துப் பார்த்துப் படியெடுத்தால்தான் பிழைக்கும். யாராவது பழைய பாக்கிக் கணக்கை உட்கார்ந்து படியெடுப்பார்களா? எகிப்தின் வறண்ட காற்றும் அந்த அறையும் அவர்களுக்கு வாய்த்தது.

முழுகிய கப்பலைப் பற்றி இன்னொன்று. கரையில் ஒதுங்கிய சரக்கு அந்த ஊர் அரசனுக்கு என்பது பல இடங்களில் நடைமுறை. ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளியில் காகதீய அரசர் கணபதிதேவர் 1244–45ல் வெட்டிய அபய சாசனம் இதைத்தான் பேசுகிறது. புயலில் சிக்கி ஒதுங்கிய கப்பல்களின் பொன், யானை, குதிரை, மணி எல்லாவற்றையும் முந்தைய அரசர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். நாங்கள் வரையறுத்த சுங்கத்தைத் தவிர வேறெதையும் தொடமாட்டோம் என்று வெளிநாட்டு வியாபாரிகளுக்கு வாக்குக் கொடுக்கிறார். ஏடன் கூட்டாளி பாதி இரும்பை எடுத்துக் கணக்கில் சேர்த்தார் என்பதே அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை.

டெலக்ஸ்காரன்:

நல்ல தகவல் அம்மா. சரி, ஏலக்காய்க் கதை.

ஏடன் கூட்டாளிகள் பணம் போட்டார்கள். பென் யிஜு மூலமாக அது ஓர் உள்ளூர் ஆளிடம் முன்பணமாகப் போனது. கடிதங்களில் அவருக்குக் கார்தார் என்று பெயர். ஏலக்காய் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. ஏடனிலிருந்து கேட்டுக் கேட்டு எழுதுகிறார்கள். பென் யிஜு, அவரிடம் இதமாகப் பேசிப் பார்த்தேன் என்று பதில் எழுதியிருக்கிறார்.

இதற்கு யூசுஃப் கொடுக்கும் யோசனையைக் கேளுங்கள். அந்தக் கார்தாரைக் கொஞ்சம் மிரட்டிப் பாரும். எங்களுக்குக் கடன்பட்டுக் கொடுக்காதவர்களை இங்கே ஏடனில் கண்டனம் செய்து விலக்குவோம் என்று சொல்லும், பயப்படலாம். அப்படியும் தரவில்லையென்றால் முறையான கண்டனக் கடிதமே எழுதி அனுப்புகிறோம், அவன் செய்த தப்பு அவனுக்குத் தெரியட்டும். கவனியுங்கள்: கோர்ட்டு இல்லை, போலீஸ் இல்லை, ஏடன் சுல்தானின் கை மங்களூர்வரை நீளாது. இருப்பது ஒரே ஆயுதம், பெயரைக் கெடுப்பது. ஏடனில் பெயர் கெட்டால் அந்தக் கரை முழுக்க ஒருவனும் அவரோடு வியாபாரம் வைக்கமாட்டான் என்ற நம்பிக்கையில்தான் அந்த மிரட்டல் நிற்கிறது.

ஆனால் கார்தாருக்கு அது உறைத்த மாதிரி தெரியவில்லை. அவருடைய பெயர் ஏடனில் இல்லை, மங்களூரில்தான் இருந்தது. என் கணிப்பு என்னவென்றால், இந்த முறை ஒரே வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு வேலை செய்யும். வட்டத்துக்கு வெளியே நிற்பவனிடம் பல்லிளிக்கும்.

அப்புறம்தான் உண்மையான சண்டை, நண்பர்களுக்குள்ளேயே. நஷ்டம் யாருடையது? பென் யிஜு அதைக் கூட்டுக் கணக்கில் வைக்கப் பார்க்கிறார். கலஃப் நேராகவே எழுதிவிடுகிறார்: இந்தக் கார்தாரைக் கடவுள் சபிக்கட்டும், நான் சிலரிடம் விசாரித்தேன், அந்த ஏலக்காய் உம்முடையது, எங்களுக்கு அதில் பங்கு இல்லை என்கிறார்கள், இது உமக்கும் அவனுக்கும் உள்ள விவகாரம். இதை எழுதிய அதே கையால்தான் என் எஜமானே, பெருந்தகையே என்ற புகழ்ச்சியும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விலை இறங்கியதும் "உங்கள் மிளகில் ஈரம் அதிகம்" என்று டெலக்ஸ் கொடுத்த ஒரு வெளிநாட்டு பார்ட்டி, அதே செய்தியின் கடைசி வரியில் எங்கள் முதலாளி மகள் கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தான். நானும் அதை அப்படியே கிழித்துக்கொண்டுபோய் மேஜையில் வைத்தேன்.

கடிதத்தின் வாலில் ஒரு பட்டியல் வரும், தவறாமல். மதிப்பே இல்லாத அற்பப் பொருள் கொஞ்சம் அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்கும். ஏடனிலிருந்து சர்க்கரை, உலர் திராட்சை, பாதாம், சோப்பு, பாய், பென் யிஜுவின் பையன் சுரூருக்குப் பவழம். முக்கியமாகக் காகிதம். மலபாரில் காகிதம் கிடைக்காது. அதனால் எகிப்துக் காகிதத்தில் நயமானதாகப் பார்த்து, இதைப்போல் வேறு எவரிடமும் கிடையாது என்று பெருமையோடு அனுப்புகிறார்கள். அதுவும் தீர்ந்துபோகும் போலிருக்கிறது. வந்த கடிதங்களின் ஓரத்திலும் முதுகிலும் பென் யிஜு தன் கணக்கையும் பதிலின் நகலையும், சமயத்தில் கவிதையும் எழுதி வைத்திருக்கிறார். இந்தப் பக்கத்திலிருந்து பதிலுக்குப் போனவை பாக்கு, மாங்காய் ஊறுகாய், எலுமிச்சை ஊறுகாய், தேங்காய்த் துருவி. ஏடனில் உட்கார்ந்து தேங்காய் துருவியிருக்கிறார்கள்!

பட்டறை ஆர்டரும் இதே கடிதங்களில்தான். உடைந்த கெண்டி, பழைய தாம்பாளம், செப்புத் துண்டு எல்லாவற்றையும் எடைபோட்டு மங்களூருக்கு அனுப்பி, உருக்கி இன்ன மாதிரி விளக்குத் தண்டு, இன்ன அளவில் தட்டு செய்து அனுப்பு என்று விவரமாக எழுதியிருப்பார்கள். பழையதைப் போட்டுப் புதுசு வாங்குவது நம் பாத்திரக் கடையில் இன்றைக்கும் நடப்பதுதான், நடுவில் ஒரு கடல் கிடந்தது.

படையெடுப்பு வேண்டாம் என்றீர்கள். ஒன்றே ஒன்று, அது வியாபாரக் கடிதத்திலேயே வருவதால். 1135ல் பாரசீக வளைகுடாவின் கிஷ் தீவு அரசன் 15 கப்பலில் சுமார் 700 பேரை அனுப்பி ஏடன் துறையை இரண்டு மாதம் மறித்தான். உள்ளே வரும் சரக்குக் கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். கடைசியில் ராமிஷ்த் என்ற பெரிய கப்பல் முதலாளியின் இரண்டு கப்பல் வந்தது. எதிரிகளால் அவற்றைப் பிடிக்க முடியவில்லை. துறைக்குள் வந்த அந்தக் கப்பல்களில் ஏடன் படைவீரர்கள் ஏறிக்கொள்ள, முற்றுகை கலைந்தது. மத்மூனுக்கு இதுவும் மார்க்கெட் ரிப்போர்ட்தான்.

கரையோரம்:

எல்லாம் சரி. ஆனால் இந்த ஆள் அடிமைகள் வைத்திருந்தவர்தானே? அதை யாரும் சொல்லவில்லையே.

டெலக்ஸ்காரன்:

வைத்திருந்தார். நான் முதலில் சொன்ன 1132 அக்டோபர் ஆவணம் அதுதான்: அஷு என்ற பெண்ணை அடிமைத்தனத்திலிருந்து விடுவித்து மங்களூரில் எழுதிய பத்திரம். அவரைத்தான் மணந்தார் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அஷு வாயால் சொன்ன ஒரு வரிகூட நமக்கு வந்து சேரவில்லை. எழுதிய கை எல்லாம் ஆண்களுடையது, அதிலும் வசதியானவர்களுடையது. இந்தக் கடிதங்களைப் பார்த்து ரொம்ப உருகவும் கூடாது.

பென் யிஜுவின் ஏஜென்ட்டாகச் சரக்கும் கடிதமும் பணமும் எடுத்துக்கொண்டு ஏடன் போய்வந்தவரும் ஓர் அடிமைதான், பொம்மன் என்றோ பாமா என்றோ படிக்கிறார்கள். நிறையப் பணம் அவர் கையில் போயிருக்கிறது. ஏடன் வியாபாரிகள் கடிதத்தில் அவருக்குத் தனியாக வணக்கம் சொல்கிறார்கள், சகோதரர் என்றே எழுதுகிறார்கள். சட்டப்படி அடிமை, நடப்பில் ஒரு கம்பெனி மேனேஜர். இரண்டும் உண்மை.

உப்பளத்தான்:

அண்ணாச்சி, கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. மாமனாரிடம் அந்த முழுகிய கப்பல் கதையைச் சொன்னேன். "மிளகை எதுக்கு அடியில வச்சான்?" என்று கப்பல்காரனைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். இரண்டு சந்தேகம். பென் யிஜு கடைசியில் என்ன ஆனார்? இந்தக் கடிதங்களைப் பார்க்க கேம்பிரிட்ஜ்தான் போகவேண்டுமா?

டெலக்ஸ்காரன்:

மாமனாருக்கு என் வணக்கம்.

கேம்பிரிட்ஜ் போகவேண்டாம். அவர்கள் டிஜிட்டல் நூலகத்தில் படங்கள் இலவசம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கெனிசா திட்டத்தில் எழுத்துப் படியும் நிறைய விளக்கமும் இருக்கின்றன. பென் யிஜு என்று ஆங்கில எழுத்தில் போட்டுத் தேடினால் வரும். எடுத்த உடனே கடிதத்தின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைப் பாருங்கள். கணக்கு எழுதிய இடம் உங்களுக்கு ஹீப்ரு தெரியாமலே புரியும்: வரி வரியாக நிற்கும், நடுவில் கோடு கிழித்திருக்கும்.

அவர் கதை இதுதான். 1149ல் சொத்தோடும் பிள்ளைகளோடும் ஏடனுக்குத் திரும்பினார். அதற்குள் சிசிலி அரசன் ரோஜர் 1148ல் மஹ்தியாவைப் பிடித்துவிட்டான், குடும்பம் சிதறிவிட்டது. உயிரோடு வந்து சேர்ந்தேன், எல்லோருக்கும் போதுமான அளவு பொருள் இருக்கிறது, வாருங்கள் என்று உடன்பிறந்தவர்களுக்கு எழுதினார். தம்பி முபஷ்ஷிருக்கு உதவப் போய், அவனே 1,000 தினாரை ஏமாற்றிவிட்டான். அத்தனை வருடம் மங்களூர் வியாபாரத்தில் கார்தாரிடம் விட்டதெல்லாம் இதற்கு முன்னால் கால் தூசு. கலஃப் தன் மகனுக்குப் பெண் கேட்டிருந்தார். பென் யிஜு கொடுக்கவில்லை. சிசிலியில் இருந்த இன்னொரு சகோதரர் யூசுஃபின் (ஏடன் கூட்டாளி யூசுஃப் வேறு) மகனை வரவழைத்து மகளைக் கட்டிக்கொடுத்தார். 1156ல் ஃபுஸ்தாத்தில் கல்யாணம். மணப்பெண்ணின் நகை, துணிமணி, தட்டுமுட்டுச் சாமான் அத்தனையையும் விலையோடு எழுதிய சீர்ப்பட்டியலும் கிடைத்திருக்கிறது. அதையும் தேடிப் பாருங்கள், உங்கள் பேக்கிங் லிஸ்டைவிட ஒழுங்கு.